வாயை மட்டும் அசைத்தவள்

கண் ஆஸ்பத்திரியில் நான்காம் நம்பர் அறை வாசலில் ஒரு மர ஸ்டூல் கிடக்கிறது. டோக்கன்காரம்மா உட்காருவதற்காகப் போட்டது. வேலைக்குச் சேர்ந்த இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்த நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு மதியத் தூக்கத்துக்குக் காணாது.

வேலை என்னவோ சின்னதுதான். டாக்டர் உள்ளேயிருந்து மணி அடித்ததும் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டும். சுவரில் சிவப்பு எண்கள் ஒளிரும் பலகை ஒன்றை நிர்வாகம் மாட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால் கூடத்தில் காத்திருக்கும் எல்லாருக்கும் கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டாயிற்று. பக்கத்து நாற்காலியில் இருப்பது சொந்த மாமியாரா, வேறு யாராவதா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பலகை எந்த மூலைக்கு? ஆகவே குரல்தான். எண்பது பேர் இருக்கும் கூடத்தில் எழுபத்தொன்பது பேரை உட்கார வைத்துவிட்டு ஒரே ஒருவரை மட்டும் எழுப்புகிற குரல்.

ஒரே ஒரு தடவை, டாக்டர் அறை மாறிய அன்று, "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பார்வை மங்கிய எண்பது பேரும் ஒரே கதவுக்கு வந்தார்கள். கதவின் கீல் ஒன்று கழன்று விழுந்தது. தலைமை நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே உன் வாயில 'எல்லாரும்'ங்கற வார்த்தையே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வரவில்லை.

இப்படி இருந்தவளிடம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை போதகர் வந்து சிக்கினார். கண்ணாடி மாற்ற வந்தவர், சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு மூலையில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார். அவர் எண் இருபத்தாறு.

"இருபத்தாறு!"

போதகர் எழுந்து நின்றார். கூடவே அவர் கைப்பை கீழே விழுந்தது. தட்டுத் தடுமாறிக் கதவுக்கு வந்தவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"அம்மா, இது நீங்களா? பதினைஞ்சு வருஷமா நம்ம சபைக்கு வர்றீங்க. உங்க குரலை நான் இன்னைக்குத்தான் கேக்கறேன்."

"உள்ள போங்க ஐயா, டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு."

"போறேன். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு அழைப்பா ஒரு சங்கீதம் வாசிக்க ஆள் இல்லாம முழிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க வாசிச்சுடுங்க."

"ஐயையோ, எனக்கும் சங்கீதத்துக்கும் ரொம்ப தூரம் ஐயா."

"நான் அந்தச் சங்கீதத்தைச் சொல்லலை. வேதத்துல இருக்கற சங்கீதம். பாட வேணாம். சும்மா வாசிச்சாப் போதும்."

உள்ளேயிருந்து டாக்டர், "இருபத்தாறு வந்தாச்சா இல்லையா?" என்று சத்தம் போட்டார். போதகரை உள்ளே தள்ளுகிற அவசரத்தில், "சரி ஐயா, சரி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பது உறைத்தது.

சபை கூடுவது ஒரு டயர் கடையின் மாடியில். படியேறும்போதே ரப்பர் வாசனை வரும். மேலே நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் ஒரு கீபோர்டு, இரண்டு மைக். வருகிறவர்கள் எல்லாரும் பின்னாலிருந்து உட்கார்ந்துகொண்டே வருவார்கள். முதல் மூன்று வரிசை யாருக்கோ ஒதுக்கி வைத்தது மாதிரி வருஷம் முழுக்கக் காலியாகவே கிடக்கும்.

அதுவரை அழைப்பு வாசித்து வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கோர்ட் குமாஸ்தா. ஆராதனையின் தொடக்கத்தில், வேதத்தில் உள்ள பழைய துதிப் பாட்டுகளிலிருந்து சில வரிகள். வாருங்கள், பாடுங்கள், ஆர்ப்பரியுங்கள் என்று ஊரையே கூப்பிடுகிற வரிகள். குமாஸ்தா அவற்றைக் கோர்ட்டில் பிரதிவாதியைக் கூப்பிடுகிற அதே குரலில் வாசிப்பார். வராவிட்டால் வாரண்ட் வந்துவிடும் போலிருக்கும். அப்படியும் ஒருவரும் அசைந்ததில்லை. போன மாதம் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார்.

டோக்கன்காரம்மாவுக்கு வாசிப்பது பயமில்லை. கூட்டமும் பயமில்லை. பயம் வேறு. அது இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று அவள். இன்னொன்று அவள் அக்கா.

அக்காதான் அந்தச் சபையில் பாட்டு நடத்துகிறவள். பிறந்ததிலிருந்தே சுருதியோடு அழுதவள் என்று வீட்டில் சொல்வார்கள். தங்கைக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளிப் பாடல் குழுவில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று அவள் வாயைத் திறந்தபோது, அக்கா யாருக்கும் தெரியாமல் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, "நீ வாயை மட்டும் அசைடி" என்றாள். சொன்னது அவ்வளவுதான். அவள் வாயை மட்டும் அசைத்தாள். அன்றிலிருந்து முப்பத்துமூன்று வருஷம். பள்ளியில், கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில், டயர் கடை மாடியில். எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஒரு வார்த்தைகூட உதடு பிசகாது. சத்தம் மட்டும் வராது.

விஷயம் காதுக்குப் போனதும் அக்கா போன் செய்தாள்.

"நீயா வாசிக்கப் போறே?"

"ஐயா விட மாட்டேங்கறாருக்கா."

"வாசி, வாசி. நல்லாத்தான் வாசிப்பே." கொஞ்சம் இடைவெளி விட்டு, "வாசிச்சு முடிச்சதும் மைக்கை ஆஃப் பண்ணிடு, என்ன?" என்றாள்.

மைக்கை மறக்காமல் அணைக்கச் சொல்கிறாள் என்றுதான் வேறு யாரும் நினைப்பார்கள். தங்கைக்கு இடுப்பில் பழைய இடம் வலித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறையில் ஒத்திகை. அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரைத் தரையில் போட்டு, செய்தித்தாள் விரித்து, பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவான மனிதர். அவள் போதகர் குறித்துக் கொடுத்த பாட்டையும் வாசித்தாள், அதற்கு முன்னும் பின்னும் இருந்ததையும் வாசித்தாள்.

"என்ன அவ்வளவு நேரமா தேடறே?" என்றார் கணவர்.

"பாட்டு வராதவங்களுக்கு ஏதாச்சும் விதிவிலக்கு இருக்கான்னு பாக்கறேங்க."

"இருக்கா?"

"ஒண்ணும் காணோம். சூரியனையும் நிலாவையும் கூப்பிடறாங்க. மலையைக் கூப்பிடறாங்க. மழை, காத்து, கல்லு மழை. காட்டு மிருகம், வீட்டு மிருகம், ஊர்ந்து போறது, பறந்து போறது. ராஜாவுல இருந்து சின்னப் புள்ளைங்க வரைக்கும் ஒருத்தரை விடலை."

கணவர் திருப்புளியை நிறுத்தி யோசித்தார். "மாடு எப்படிப் பாடும்?"

"அதானே! யாரும் மாட்டை நிக்க வச்சு, எங்க ஒரு வரி பாடிக் காட்டு, சேர்த்துக்கலாமான்னு பாக்கறோம்னு சொல்லலையே. சத்தம் போடுங்கன்னுதான் இருக்கு. ஆர்ப்பரியுங்க, கை தட்டுங்க. அழகாப் பாடுங்கன்னு எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்லை."

கணவர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வேதப் புத்தகத்தை வாங்கினார். எதையும் இரண்டு முறை சோதித்துப் பார்க்காமல் விடுகிறவர் அல்ல. பத்து நிமிஷம் பக்கங்களைப் புரட்டினார். "இங்க ஒரு இடத்துல நேர்த்தியான்னு போட்டிருக்கே."

அவள் எட்டிப் பார்த்தாள். "அது வாத்தியம் வாசிக்கறவங்களுக்குங்க. கீபோர்டு தம்பி கவலைப்படட்டும்."

கணவர் சிரித்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, நாளைக்கு வாசிக்க வேண்டிய வரியில் கட்டைவிரலை வைத்தார். "இதைப் பாத்தியா? வாங்கன்னு சொல்லிட்டு, பாடுங்கன்னு முடிக்கலை. பாடுவோம்னு முடியுது. கூப்பிடற ஆளும் சேர்த்தி."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கம்ப்ரசருக்குத் திரும்பிவிட்டார். அவளுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. டோக்கன்காரம்மா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். மைக் இல்லாமலே கூப்பிட்டுப் பழகிய தோஷத்தில் அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திவிட்டாள். பிறகு வாசித்தாள்.

"வாருங்கள்!"

கடைசி வரிசையில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கீழே டயர் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் மேலே பார்த்தார்.

அடுத்த வரிக்குப் போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக, கூப்பிட்டால் ஆள் வருகிற வரைக்கும் நின்று பார்த்தே பழகியவள். வரவில்லை என்றால் மறுபடியும் கூப்பிட வேண்டும். அவள் கூடத்தைப் பார்த்தாள். கூடம் அவளைப் பார்த்தது.

"வாருங்கள்!" என்றாள் மறுபடி, இன்னும் கொஞ்சம் பெரிதாக. அப்புறம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, ஆஸ்பத்திரிக் குரலில், "வாங்க, முன்னால இடம் இருக்கு. எல்லாரும் வாங்க" என்றாள்.

எல்லாரும். அந்த வார்த்தை வெளியே வந்ததும் அவளே ஒரு கணம் கதவின் கீலைப் பார்த்தாள்.

முதலில் எழுந்தது ஒரு குண்டுத் தையற்காரர். யாரோ தன்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல வேகமாக முதல் வரிசைக்கு வந்துவிட்டார். அவர் பின்னால் அவர் மனைவி, "எங்க போறீங்க, எங்க போறீங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு இரண்டு குடும்பம். நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ சிரித்தார்கள். சிரித்தவரும் எழுந்தார். ஐந்து நிமிஷத்தில் முதல் மூன்று வரிசையும் நிறைந்து, பின்பக்கம் காலியாகக் கிடந்தது. போதகர் வாயைத் திறந்தபடி நின்றார். தாமதமாக வந்த ஒரு குடும்பம் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் படியிறங்கப் பார்த்தது.

மீதி வரிகளை வாசித்து முடித்தாள். பாட்டு தொடங்கியது. கூட்டம் நெருக்கமாக நின்றதாலோ என்னவோ, குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூரையில் போய் இடித்தன. அக்காவே ஒரு தரம் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். டோக்கன்காரம்மா மைக்கை அணைத்துவிட்டு, கணவர் பக்கத்தில் போய் நின்று, வாயை அசைத்தாள்.

இப்படியே நாலு வாரம் போயிற்று. எல்லாரும் பாராட்டினார்கள். "நீங்க கூப்பிட்டா வராம இருக்க முடியலைங்க" என்றார் தையற்காரர். அவளுக்கு அந்தப் பாராட்டு உள்ளே இறங்கவே இல்லை. விருந்துக்கு ஊரைக் கூப்பிட்டுவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடக்கிறவள்போல வீடு திரும்பினாள். வாசிக்கும்போது 'பாடுவோம்' வருகிற இடத்தில் மட்டும் குரல் ஒரு படி இறங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நாற்பத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டாள். பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராகப் போய்ச் சீட்டைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டடி தூரத்திலேயே, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தச்சர், நாற்பத்தொன்று என்று எழுதிய சீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உங்களைத்தானே அப்போல இருந்து கூப்பிடறேன்! காது கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சும்மா. யாரோ நாப்பத்தொண்ணுன்னு ஒரு ஆளைக் கூப்பிடறாங்க, பாவம், எங்க போயிட்டானோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. அவரைக் கைபிடித்து உள்ளே விட்டுவிட்டு வந்தவள், 'பாடுவோம்' என்ற வரி ஞாபகத்துக்கு வந்து, அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டுக்கு மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. தலைமை நர்ஸ் வந்து, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பை வாசித்தாள். 'பாடுவோம்' என்ற இடத்தில் குரல் இறங்கவில்லை. மைக்கை அணைத்தாள். அவள் காட்டிய பெருந்தன்மை அது ஒன்றுதான். பிறகு கணவர் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தாள்.

முப்பத்துமூன்று வருஷம் உள்ளே கிடந்த குரல், கதவைத் தட்டிவிட்டா வெளியே வரும்? சுருதிக்கு மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல், ஒரு ஓரமாக, முழுப் பலத்தோடு வந்தது. கீபோர்டு தம்பிக்கு விரல் தடுமாறியது. தன் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு பொத்தானை அழுத்தினான். அணைத்து வைத்த ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கியதைக் கண்டவர்போலக் கணவர் அவளைப் பார்த்தார். அக்கா மைக்கில் ஒரு சொல்லை விட்டுவிட்டாள். சபை ஆரம்பித்த நாளிலிருந்து அக்கா ஒரு சொல்லை விட்டது அதுதான் முதல் தடவை.

டோக்கன்காரம்மாவுக்கு முகம் சுட்டது. நிறுத்தியிருப்பாள். ஆனால் முன்வரிசைத் தையற்காரர் அவளைத் திரும்பிப் பார்த்து, பல் முழுவதும் தெரியச் சிரித்துவிட்டு, அவரும் குரலை உயர்த்தினார். அவருக்கும் சுருதிக்கும் ஆகாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு குரல். இதுவரை முணுமுணுத்தவர்கள் எல்லாரும், இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்பதுபோல வாயைத் திறந்தார்கள். அதை இனிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கீழே டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் நின்று மேலே பார்த்தார். கடைசிச் சரணத்தை யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவை பாடினார்கள்.

ஆராதனை முடிந்ததும் அக்கா அவளைப் படிக்கட்டில் பிடித்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியும்க்கா. உன் பாட்டைக் கெடுத்துட்டேன். ஆனா இனிமே என்னால சும்மா வாயை மட்டும் அசைக்க முடியாது. நீ சொன்னேன்னு இத்தனை வருஷம் பொறுத்தாச்சு."

"நான் சொன்னேனா? என்ன சொன்னேன்?"

"வாயை மட்டும் அசைன்னு. ஸ்கூல்ல. கிள்ளிச் சொன்னே."

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். நெற்றி சுருங்கியது. சட்டென்று அவள் கை வாய்க்குப் போயிற்று.

"அடிப்பாவி! அது போட்டி அன்னைக்குடி! கப்பு குடுக்கறாங்கன்னு சொல்லி, அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அசைன்னு சொன்னேன்!"

தங்கை இடுப்பில் அந்தப் பழைய இடத்தைத் தடவிக்கொண்டாள்.

"ஒரு நாளைக்குடி," என்றாள் அக்கா மறுபடி. "நீ அப்புறம் பாடாததை, கூச்சம்னு நினைச்சுக்கிட்டேன். நான் ஒரு தரம்கூடக் கேக்கலையே."

"கப்பு கிடைச்சுதா?"

"எங்க கிடைச்சுது? மூணாவது எடம். ஒரு சோப்பு டப்பா குடுத்தாங்க."

இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்கள். பிறகு தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. இறங்கி வந்த போதகர் இருவரையும் தாண்டிப் போக வழியில்லாமல் மேலேயே நின்றார்.

வீட்டுக்குக் கணவரோடு நடந்தாள். மருந்துக்கடை திருப்பத்தில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நீ பாடவே இல்லையா?"

"இல்லைங்க."

"நீ ரொம்ப மெதுவாப் பாடறேன்னு நினைச்சேன். உன் குரலைக் கேக்கணும்னு நானும் மெதுவாப் பாடினேன். அப்பவும் கேக்கலை. சரி, இன்னும் மெதுவாப் பாடலாம்னு பாடினேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "கடைசியில நானும் பாடறதையே விட்டுட்டேன்."

அவள் நடுத்தெருவில் நின்று அவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அக்கா கற்றுக்கொடுத்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறாள். ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, "இதைப் பிடி" என்பாள். இவள் பிடிப்பாள். "அது இல்லடி, இது" என்பாள். இவள் வேறொன்றைப் பிடிப்பாள். அக்கா தலையில் கை வைத்துக்கொள்வாள். அப்புறம் டீ போடுவார்கள். முப்பது வருஷமாகப் பேசாமல் விட்ட கதையெல்லாம் வெளியே வரும். ஆறு மாதம் ஆகிறது, முதல் வரியை இன்னும் தாண்டவில்லை. இரண்டு பேருக்கும் அவசரமில்லை.